போர் தண்ணீரில் எந்த மீன் சேரும்?

"இதோட அது செட் ஆகுமா?" வண்ணமீன் கடைக்காரன் வாழ்நாளில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் கடை வைத்திருக்கும் எனக்கும் அப்படித்தான். கேட்பவரின் ஒரு கை ஏஞ்சலைக் காட்டும், இன்னொரு கை நியான் டெட்ராவைக் காட்டும். பதில் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க ரூம்ல என்ன தண்ணி வருது?"

சண்டை போடுமா போடாதா என்று கேட்டால் இவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாரே என்று பலர் யோசிப்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்துத் தொட்டிகளில் மீன் சாவதற்குச் சண்டையைவிடத் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். மீனும் மீனும் சேருவது அடுத்த கதை. முதலில் மீனும் தண்ணீரும் சேர வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், வல்லம், மாத்தூர், படப்பை என்று ஆலை வேலைக்கு வருகிறவர்கள் எங்கே வாடகைக்கு அறை எடுத்தாலும் குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர். குடிக்கக் கேன் வாங்கிக்கொள்கிறார்கள். குளிக்க, துவைக்க, மீன் வளர்க்க எல்லாவற்றுக்கும் போர்தான். பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருக்கும், ஷவர் துளைகளில் உப்பு அடைத்திருக்கும், சோப்பு நுரைக்காது. கடையில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரும் பிஎச் பார்க்கும் சொட்டு மருந்தும் வைத்திருக்கிறேன். மீன் வாங்க வருகிறவரிடம், "ஒரு பாட்டில்ல உங்க தண்ணியக் கொண்டாங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பேன். மீட்டரில் எண் ஆயிரத்தைத் தாண்டுவது இங்கே அதிசயமே இல்லை. பிஎச் பெரும்பாலும் 8-ஐ ஒட்டி நிற்கும். கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர்.

இந்தத் தண்ணீருக்கென்றே பிறந்த மீன்கள் உண்டு. நான் தொழில் கற்றுக்கொண்ட சென்னை கொளத்தூரில் மீன்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: குட்டி போடும் மீன், முட்டை போடும் மீன். கப்பி, மாலி, பிளாட்டி, சோர்ட் டெயில் நான்கும் குட்டி போடுகிறவை. இவற்றின் பூர்வீகம் மத்திய அமெரிக்கா, மெக்சிகோ, கரீபியன் கடலோரம், தென் அமெரிக்காவின் வடக்கு ஓரம். சுண்ணாம்புச் சத்துள்ள ஓடைகளிலும் கடல்நீர் கலக்கிற கழிமுகங்களிலும்கூட வாழ்ந்து பழகியவை. மாலியெல்லாம் உப்புத்தண்ணீரிலேயே இருக்கும். நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை அமேசான் காட்டு ஓடைகளைச் சேர்ந்தவை. இலைச்சருகு ஊறித் தேநீர் நிறத்தில் ஓடும், உப்பே இல்லாத மென்னீர் அது. பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த டெட்ராக்கள் கொஞ்சம் கடின நீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் மழைத்தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் கலந்து வளர்த்த மீனைக் கொண்டுவந்து ஒரகடத்துப் போர் தண்ணீரில் விட்டால், முதல் நாள் நிறம் மங்கும், மூன்றாம் நாள் ஒதுங்கும், பிறகு ஒன்றொன்றாகக் குறையும். வாங்கியவர் கூடவே இருந்த பிளாட்டிதான் கடித்துவிட்டது என்று நினைப்பார்.

ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகும். பாதிக்குப் பாதி கலந்தால் நிறைய டெட்ராக்கள் நன்றாகவே இருக்கும். அப்படித் தொடங்கினால், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதே அளவில்தான் கலக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் ஒரு வாரம் கேன் வாங்க மறந்துவிட்டு நேராகப் போர் தண்ணீரை ஊற்றிவிட்டால், முதலிலிருந்தே போர் தண்ணீரில் இருந்ததைவிட அது மோசம். நிலையாக இருக்கும் சுமாரான தண்ணீரை மீன் தாங்கிக்கொள்ளும். நாளுக்கொரு மாதிரி மாறும் நல்ல தண்ணீரைத் தாங்காது. அதனால் குழாயில் என்ன வருகிறதோ அதற்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் உழைக்கிறவர்களுக்குச் சரி என்று நினைக்கிறேன். முதல் தொட்டிக்கு மாலியும் பிளாட்டியும்தான் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கடினத் தண்ணீரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. மீன் வெளியேற்றும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அதிகக் கேடு செய்யாத நைட்ரேட்டாக்கும். புதிய தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா தங்கும். தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் விஷமில்லை, அதில் ஒரு பகுதிதான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை பிஎச்சும் வெப்பமும் முடிவு செய்கின்றன. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பம் கூடக் கூட இன்னும் ஏறுகிறது. அதாவது மென்னீர் ஊரில் ஒருவர் புதுத் தொட்டியில் பத்து மீன் விட்டுத் தப்பித்துவிடலாம். மே மாதத்து ஒரகடத்தில் அதே பத்து மீன் அதே தொட்டியில் ஒரு வாரம் தாங்காது. அதனால்தான் இரண்டடித் தொட்டிக்குக் காசோடு வந்து "இருபது மீன் குடுங்க" என்பவரிடம் நான்கு பிளாட்டியை மட்டும் கொடுத்து, சில வாரம் கழித்து வரச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே நிறைய அறைகளுக்கு மேலே சிமென்ட் ஷீட். கோடையில் தொட்டித் தண்ணீர் 33, 34 டிகிரிவரை போகும். எல்லோரும் முதலில் கேட்பது கோல்டு ஃபிஷ்தான். கோல்டு ஃபிஷ் சீனத்துக் கெண்டையிலிருந்து ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்தெடுத்த குளிர்நீர் மீன். அது 20 டிகிரி பக்கம் சுகமாக இருக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைகிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 32 டிகிரியில் 7-க்குச் சற்று மேல்தான். அதே நேரம் சூட்டில் மீனின் மூச்சுத் தேவை கூடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசிக்கிறது என்று நினைத்து இன்னும் தீனி போடுவார்கள். கோல்டு ஃபிஷ்ஷைச் சூட்டு மீன்களோடு போடக் கூடாது என்பதற்கு இது முதல் காரணம். அது எக்கச்சக்கமாகக் கழிவு போடும் என்பது இரண்டாவது காரணம். வளர்ந்தபின் வாயில் அடங்கும் சின்ன மீனைத் தின்றுவிடும் என்பது மூன்றாவது.

மின்சாரம் போனால் ஏர் மோட்டார் நின்றுவிடும். அப்போது கௌராமியும் ஃபைட்டரும்தான் தைரியமாக இருக்கும். அவற்றுக்குச் செவுளுக்கு மேல் தனி மூச்சு உறுப்பு உண்டு, நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே குடித்துக்கொள்ளும். ட்வார்ஃப் கௌராமி இருந்த தொட்டி முன்னால் ஒருநாள் மேற்கு வங்கத்துத் தொழிலாளி ஒருவர் வெகுநேரம் நின்றார். "எங்கள் ஊர் வயல்தண்ணீரில் மழைக்காலத்தில் கையால் பிடிப்போம்" என்றார். உண்மைதான், கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் மீன் அது. எங்கள் கோடையைத் தாங்க வேறென்ன வேண்டும்? ஒரு ஆண், இரண்டு பெண் கொடுத்தேன். இரண்டு ஆண் போட்டால் ஒன்று மற்றதை ஒரு மூலையிலேயே அடக்கி வைத்துவிடும்.

இனி சண்டைக்கு வருகிறேன். வாயில் நுழைவது எல்லாம் இரை என்பதே இந்தத் தொழிலின் முதல் பாடம். ஏஞ்சலும் நியானும் கடைத் தொட்டியில் ஒன்றாக நீந்தும், பார்க்க அழகாக இருக்கும். அப்போது ஏஞ்சல் எட்டணாக் காசு அளவு. ஆறேழு மாதம் கழித்து அது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து நிற்கும். நியான் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது, மெலிந்த உடம்பு வேறு. விளக்கை அணைத்தபின் ஒன்று, விடியற்காலையில் ஒன்று என்று குறையும். அமேசானிலும் அவற்றின் உறவு அதுதான். சதைப்பற்றுள்ள பிளாக் விடோ டெட்ராவாக இருந்தால் வாயில் அடங்காது, பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கொறிக்கும். ஏஞ்சலோடு எதைப் போடுவது என்று கேட்டால் வளர்ந்த பிளாட்டி, சோர்ட் டெயில், கொஞ்சம் பெரிய கௌராமி என்பேன்.

ஏஞ்சலில் இன்னொரு விஷயம் உண்டு. மாத்தூரில் ஒரு வீட்டில் மூன்றடித் தொட்டியில் ஆறு ஏஞ்சல் வளர்த்தார்கள். ஒரு வருடம் வரை பிரச்சினையே இல்லை. திடீரென்று, "அண்ணே, ரெண்டு மீனு பைத்தியம் புடிச்ச மாதிரி எல்லாத்தையும் அடிக்குது" என்று அந்த வீட்டம்மா போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஃபில்டர் குழாயின் பக்கவாட்டை இரண்டு ஏஞ்சல்கள் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மற்ற நான்கும் எதிர்மூலையில், நீர்மட்டத்துக்கு அடியில், வாலை மேலே தூக்கித் தலையைக் கீழே கவிழ்த்து நெருக்கி நின்றன. ஒன்று கொஞ்சம் விலகி நடுவுக்கு வந்தால் போதும், ஆண் பாய்ந்துவந்து விலாவில் இடிக்கும். பெண் குழாயைவிட்டு நகரவில்லை. மறுநாள் அந்தக் குழாயில் வரிசையாக முட்டை ஒட்டியிருந்தது. தாயும் தகப்பனும் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நின்றன. அவை கெட்ட மீன்கள் இல்லை. ஜோடி சேர்ந்தபின் தொட்டி முழுவதும் அவற்றின் வீடு. மூன்றடியில் மற்றவை ஒளிய இடமில்லை என்பதுதான் பிரச்சினை. நான்கையும் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். சேருமா சேராதா என்பதற்கு இன்றைக்குச் சொல்லும் பதில் ஒரு வருடம் கழித்துச் செல்லாது. அதனால்தான் ஏஞ்சல் போன்ற சிக்லிட் வகையை விற்கும்போது கூடவே ஒரு வருடம் கழித்து என்ன நடக்கும் என்பதையும் சொல்லி அனுப்புகிறேன்.

டைகர் பார்பைப் பற்றி நிறையப் பழி உண்டு. கப்பியின் வாலைக் கொத்திக் கந்தலாக்கும், ஏஞ்சலின் மீசைத் துடுப்பைக் கடிக்கும். உண்மை. ஆனால் இரண்டு மூன்றாக வாங்கிப் போடுகிற தொட்டியில்தான் இது அதிகம். எட்டுக்கு மேல் விட்டால் தங்களுக்குள் யார் பெரியவர் என்று துரத்திக்கொண்டே இருக்கும், மற்றவர் பக்கம் அவ்வளவாகத் திரும்பாது. அப்படியும் நீண்ட வால்மீனோடு நான் கொடுக்க மாட்டேன். டெட்ரா, டேனியோ, பார்ப் எல்லாம் கூட்ட மீன்கள். ஜோடிக் கணக்கில் விற்கும் பழக்கம் இவற்றுக்குக் கெடுதல். தனியாகவோ ஜோடியாகவோ இருக்கும் டெட்ரா ஓரத்தில் ஒண்டும். ஆறு, எட்டு இருந்தால்தான் நடுவுக்கு வரும், நிறமும் வரும்.

கப்பியில் கணக்கு வேறு. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண் ஓயாமல் துரத்திப் பெண்ணை இளைக்க வைத்துவிடும். பெண் ஒருமுறை சேர்ந்தால் போதும், அடுத்து ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும், ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை. சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள் வந்து, "அண்ணா, குட்டியா நிறைஞ்சுடுச்சு, என்ன பண்றது?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஆண் கப்பியை மட்டும் எட்டுப் பத்து கொடுப்பேன். ஆண்கள்தான் நிறமாகவும் இருக்கும், தங்களுக்குள் பெரிய சண்டையும் போடாது. ஃபைட்டரை மட்டும் அதில் போடக் கூடாது. கப்பியின் விரிந்த வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக்கொள்ளும்.

மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்துக்கும் மீன் பார்த்துப் போட வேண்டும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் ஏரியை வைத்துத்தான் விளக்குவேன். ஏரியைக் குத்தகைக்கு எடுப்பவர் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்து விடுவார். கூட்டுமீன் வளர்ப்பு என்று மீன்வளத் துறை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த முறை அது. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் தீனியில் மற்றது கைவைப்பதில்லை. தொட்டியிலும் அதே கணக்கு. மேலே ஜீப்ரா டேனியோ அல்லது கப்பி, நடுவில் பிளாட்டியும் மாலியும், அடியில் ஒன்று. இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரமுள்ள தொட்டியில் விளிம்புவரை 56 லிட்டர்தான் பிடிக்கும். கல்லும் மேல் இடைவெளியும் போனால் 45. அதில் நடுவிலேயே எல்லாவற்றையும் குவித்தால் தள்ளுமுள்ளு வராமல் எப்படி இருக்கும்?

அந்த அடிமீன் விஷயத்தில்தான் எனக்கும் மற்ற கடைகளுக்கும் ஒத்துப்போவதில்லை. தொட்டி வாங்கினால் ஒரு சக்கர் மீனைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்கிறார்கள். எந்த மீனும் இன்னொரு மீனின் கழிவைத் தின்று வாழாது. சக்கர் பாசியையும் மிச்சத் தீனியையும் தின்னும், தானும் நிறையக் கழிவு போடும். இரண்டு அங்குலத்தில் வாங்கும் அது ஓரடிக்கு மேல் வளரும். இரவில் அசையாமல் நிற்கும் கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டி அதன் வழுவழுப்புப் படலத்தைச் சுரண்டும். காலையில் பக்கவாட்டில் சிவந்த திட்டைப் பார்த்து நோய் என்று மருந்து கேட்டு வருவார்கள். பாசிக்கு எங்கள் தண்ணீரில் மாலியே போதும். கண்ணாடியில் படியும் பச்சையை அது நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். அடியில் விழும் தீனிக்கு நான் பல வருடமாக அயிரையைத்தான் சொல்கிறேன். குழம்பு வைக்கிற அதே அயிரை. நம் ஆறு, குளத்து மீன், சூட்டுக்கும் கடின நீருக்கும் பழகியது, விரல் நீளத்துக்குமேல் வளராது, யாரையும் தொடாது. கூர்மையான கல்லுக்குப் பதில் சலித்த ஆற்று மணலைப் போட்டால் போதும். மணலை வாயில் எடுத்துச் சலித்துச் செவுள்வழியே துப்பிக்கொண்டே போகும். பயந்தால் கண் மட்டும் தெரியக் குபீரென்று புதைந்துகொள்ளும். ஆறு அயிரை இருக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அழகு குறைவு என்று சொல்பவர்களிடம் நான் உடன்பட மாட்டேன்.

நோய் வரும் நாளையும் யோசித்துத்தான் மீன்களைச் சேர்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளி வந்தால் குட்டி போடும் மீன்களுக்குக் கல் உப்பு போட்டே பெரும்பாலும் தேற்றிவிடலாம். அதே தொட்டியில் கோரிடோராஸ் கெளுத்தி இருந்தால் அந்த அளவு உப்பு அதற்கு ஆகாது. அயிரை வகைக்குச் செதில் மிகவும் நுண்மையானது, மருந்தைப் பாதி அளவில்தான் போட வேண்டும். செம்பு கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். வெள்ளைப் புள்ளிக் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது, உதிர்ந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரே மருந்தைத் தாங்கும் மீன்களாகச் சேர்த்தால் மருந்து போடும் நாள்கள் எளிதாகக் கழியும். இரண்டு மூன்று வகைத் தாங்குசக்தி கலந்திருந்தால் ஒன்றைக் காப்பாற்ற மற்றதை இழக்க வேண்டிவரும்.

கொளத்தூரிலிருந்து சரக்கு வரும் நாளில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவேன். புழல் பக்கமாக அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி மண்ணிவாக்கத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கடைக்கு வந்துவிட வேண்டும். ஆக்சிஜன் அடைத்த பாக்கெட்டுகளை முதலில் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு எங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுப் பழக்குவேன். இரண்டு வாரம் தனித் தொட்டியில் இருந்து எங்கள் போர் தண்ணீருக்குப் பழகிய மீனைத்தான் விற்பனைத் தொட்டிக்கு மாற்றுவேன். அப்படி வைத்திருக்கும்போது சாகிற மீன் என் நஷ்டம். வாடிக்கையாளர் அறையில் போய்ச் சாவதைவிட அது மேல்.

ஷிஃப்ட் வேலைக்கு ஏற்ற மீன் என்றும் ஒன்று இருக்கிறது. ஓர் அறையில் ஆறு பேர், மூன்று ஷிஃப்ட். காலை ஆறரைக்குப் போகிறவர் தீனி போடுவார், அப்போது வந்தவர் போடுவார், மதியம் கிளம்புகிறவர் போடுவார். எல்லோருக்கும் பாசம்தான், ஆனால் தண்ணீர் இரண்டே நாளில் கலங்கிவிடும். வல்லத்தில் ஓர் அறையில் பையன்கள் நல்ல வழி கண்டுபிடித்தார்கள். தொட்டிக்கு மேலே தினசரிக் காலண்டர் மாட்டினார்கள். யார் தீனி போடுகிறாரோ அவரே அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். தாள் கிழிந்திருந்தால் மீன் சாப்பிட்டாயிற்று. அந்த யோசனையை இப்போது தொட்டி வாங்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். பகலில் தூங்குகிற அறையில் ஜன்னலில் திரை தொங்கும், விளக்கு எரியாது. அங்கே செடித் தொட்டி வைத்தால் வாடும். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் ஊருக்குப் போனால் நான்கைந்து நாள் அறை பூட்டியிருக்கும். வளர்ந்த பிளாட்டியும் மாலியும் அதைத் தாங்கும். தினமும் உயிர்த்தீனி கேட்கும் டிஸ்கஸ் அந்த அறைக்கு வேண்டாம்.

  

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மீனின் ஆயுள், அது வளர்க்கிறவர் இங்கே இருக்கும் காலத்தைத் தாண்டிவிடுவது. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. திருவண்ணாமலை, வேலூர், தென் மாவட்டங்கள், பிறகு ஒடிசா, பீகார், அசாம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுகிறார்கள். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது சுற்றுவட்டாரத்தில் எத்தனை அறைகள் காலியாயின என்பது இங்கே வீடு வாடகைக்கு விட்டவர்களுக்குத் தெரியும். அறையைக் காலி செய்யும்போது கட்டில், மின்விசிறியை விற்றுவிடலாம். மீனை என்ன செய்வது? பாவம் பார்த்துப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். கொல்வதைவிட மேல் என்று நினைக்கிறார்கள். சக்கர் அங்கே சாகாது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று வலை போடுகிறவர்களைக் கேளுங்கள்: வலையைக் கிழிக்கிறது, கரையில் வளை தோண்டுகிறது, தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது. 2023-ல் காஷ்மீரத்து தால் ஏரியில்கூட அலிகேட்டர் கார் என்ற மீன் பிடிபட்டது. யாரோ வளர்த்த மீனாகத்தான் அது இருக்க வேண்டும்.

ஆகவே எவ்வளவு காலம் இங்கே இருப்பீர்கள் என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். கப்பிக்கு ஆயுள் ஏறக்குறைய இரண்டு வருடம், பிளாட்டிக்கும் மாலிக்கும் மூன்று. ஒப்பந்தக் காலத்துக்கு அது பொருந்தும். கோல்டு ஃபிஷ் பத்து வருடத்துக்கு மேலும் வாழும், சக்கரும் அப்படியே. ஷார்க் என்று வெள்ளிப் பளபளப்போடு மூன்று அங்குலத்தில் விற்கிறார்களே, அது உண்மையில் பேங்காசியஸ் கெளுத்தி. பாசா என்று கடைகளில் விற்கும் மீனின் இனம், ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. அதை நான் கொள்முதல் செய்வதே இல்லை. என் கடையில் வாங்கிய மீனை எப்போது கொண்டுவந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறேன். மற்ற கடையில் வாங்கியதாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். ஏரியில் விடாமல் இருந்தால் சரி.

சென்ற மாதம் ஒரு தம்பி பக்கெட்டோடு வந்தார். ஒரகடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவர், ஓசூருக்கு மாற்றலாம். உள்ளே ஏழு மாலி, நான்கு பிளாட்டி, ஐந்து அயிரை. எல்லாம் நல்ல உடம்போடு இருந்தன. மாலியைச் சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல் பிள்ளைகள் முன்பே கேட்டு வைத்திருந்தார்கள், அயிரை என் சொந்தத் தொட்டிக்கு.

"அங்க போயும் தொட்டி வைக்கணும்ணே. அதே மாலிதானா?"

"ஓசூர் மூவாயிரம் அடி உயரம் தம்பி. நம்ம ஊர் சூடு அங்க வராது. நீங்க வந்த முதல் நாள் கேட்டீங்களே, கோல்டு ஃபிஷ்ஷு, அங்க வைக்கலாம். ரெண்டுக்குக் குறைஞ்சது நாலடித் தொட்டி வாங்குங்க, கூட வேற எதையும் போடாதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஊர் தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு அளந்து, நம்பரை எனக்கு அனுப்புங்க."